சோலார் படகில் ஏறிய பைகள்

இரத்தோட்டை
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பஸ்லிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் பாதுகாக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே உம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லப் போனால் உம்மா பக்கத்தில் நின்று அழுகிறாள். அதனால் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் முனாஸ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஓயா ஆற்றில் அணைக்கட்டுக்கு மேலே குப்பை அள்ளும் பிரதேச சபைப் படகில் எனக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். கூரைத் தகடுகள் வெயிலில் கரண்ட் எடுக்க, முன்னால் உள்ள பெல்ட் மிதக்கிற போத்தல், பொலித்தீனையெல்லாம் தூக்கிக் கூடையில் போடும். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வரும் வீரசிங்கமும்தான் ஓட்டினோம். போன மாதம் வாய் கட்டின பை ஒன்று பெல்ட்டில் ஏறி வந்தது. பிரித்தால் கோழிக்குடலும் இறகும், பையில் நம் லாபிர் மாமாவின் கோழிக்கடைப் பெயர். வீரசிங்கம் பார்ப்பதற்குள் கூடையின் அடியில் தள்ளிவிட்டேன். அன்று பின்னேரமே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, அதை அள்ளத்தானே மச்சான் மெஷின் விட்டிருக்காங்க என்றார். உனக்கு அவர் மகள் அம்றாவைப் பேசி வைத்திருக்கும் வீடு என்று நானும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். பிறகு இரண்டு வாரம் வந்த பைகளையெல்லாம் நானே ஒளித்தேன்.

பெரிய மழைக்குப் பிறகு பைகள் மொத்தமாக வந்து சிக்கி பெல்ட் கிழிந்துவிட்டது. கடைப் பெயர் இருந்த துண்டுகளை அன்றும் நான்தான் பொறுக்கி ஒளித்தேன். சபையில் விசாரித்தார்கள். ஒருவர், மேலே லயத்து ஆட்கள்தான் கொட்டுறாங்க, வீரசிங்கம் தெரிஞ்சே மறைக்கிறாரு, அவரை நிறுத்துங்க என்றார். வீரசிங்கம் எழுந்து, எங்க ஆளுங்க குளிக்கிறதே இந்தத் தண்ணியிலதான் ஐயா, அதுல யாரு கொட்டுவா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டு வாரமும் அவர் கொண்டு வந்த ரொட்டியில் பாதியைத் தின்றவன் நான். உட்கார முடியவில்லை மகன். எழுந்து, பை என் மச்சான் கடையில இருந்து வந்தது, மறைச்சது நான்தான் என்றேன்.

மாமாவின் கடையை மூடிவிட்டார்கள். என்னையும் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள், வீரசிங்கம் புது பெல்ட் போட்டுத் தனியாக ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமை மாமி வந்து, நிக்காஹ் பேச்சை இதோட விட்டுடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா தன் தம்பி வீட்டுப் பக்கம் போக முடியாமல் தவிக்கிறாள், என்னோடு சோறு வைக்கும்போது மட்டும் பேசுகிறாள். பெயர் சொன்னதற்கு நான் வருந்தவில்லை, முதல் நாளே சொல்லாததற்குத்தான் வருந்துகிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன், அது தெரிந்துதான் எழுந்தேன். அம்றாவிடம் நீயே பேசு. அவள் வாப்பாவைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. அவள் என்னைத் திட்டினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு நல்லதையே நாடட்டும். கடிதம் கிடைத்ததும் முதலில் உம்மாவுக்குப் போன் எடு. எனக்கு உன் கோபம் ஆறிய பிறகு எடுத்தால் போதும், எடுக்காவிட்டாலும் என் துஆ உனக்கு உண்டு.

உன் வாப்பா
ஸெய்னுலாப்தீன்