பொட்டலத்தின் மேல் ஒரு தீவு

ஹெல்லோய் தீவு, மார்ச் 4

அன்புள்ள ஐரிக் அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுப் படகில் நெதர்லாந்துத் தம்பதியர் வந்தார்கள். கையில் நம் உப்புப் பொட்டலம். "உப்பு காய்ச்சுறதைப் பாக்கத்தான் வந்தோம்" என்றார்கள். கடல்நீர் காய்ச்சும் கொப்பரைகள் சில்லிட்டுக் கிடந்தன. "இது போன வாரம்தான் வாங்கினது, அப்ப யார் காய்ச்சுறாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும், பழுது பார்க்கவேண்டும், கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று நீதானே சொன்னாய்?

யார் காய்ச்சுகிறார்கள், அண்ணா?

தங்கை,
சுன்னிவா

ஹாம்பர்க், மார்ச் 11

அன்புத் தங்கை சுன்னிவாவுக்கு,

கோபப்படாமல் படி. இங்கே என் கிடங்குக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலை காய்ச்சித் தருகிறது. புயலடித்தால் உங்கள் படகு நாள்கணக்கில் வராது. ஆர்டர் போட்டவனோ மறுநாளே கேட்கிறான். எல்லோரும் திரையில் பார்த்து வாங்குகிறார்கள். இணையத்தில் விற்கிறவனுக்கு ஊர் எதற்கு? வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் வேலையை நீ அங்கிருந்தே தொடரலாம்.

அண்ணன்,
ஐரிக்

ஹெல்லோய், மார்ச் 19

அண்ணா,

'உங்கள் படகு' என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்த ஊர்ப் படகு அது.

ஊர் எதற்கு என்றால், பொட்டலத்தில் நம் கலங்கரை விளக்கத்தின் படம் எதற்கு? அந்தக் கிடங்கின் தகரக் கூரையை அச்சடிக்க வேண்டியதுதானே? இணையம் இருந்தால் இந்தப் பாறையில் உட்கார்ந்தே உலகத்துக்கு விற்கலாம் என்று எங்களை நம்பவைத்தவன் நீ. அதை நம்பித்தான் குன்வோர் மீன் ஆலை வேலையை விட்டுவிட்டு உப்பு காய்ச்ச வந்தாள். "ஊர்ப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, எங்களைக் கரையிலயே விட்டுட்டாரு உங்க அண்ணன்" என்கிறாள் இப்போது.

வாடிக்கையாளர்களுக்கு எழுதச் சொன்னாய் அல்லவா? எழுதிவிட்டேன், ஒருவர் விடாமல். உப்பை எங்கே காய்ச்சுகிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன்.

சுன்னிவா

ஹாம்பர்க், ஏப்ரல் 2

சுன்னிவா,

பாதிப் பேர் விலகிவிட்டார்கள். என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய். நீயும் குன்வோரும் மறுபடி கொப்பரைக்குத் தீ மூட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். 'ஹெல்லோய் உப்பு' என்ற பெயர் என் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு பொட்டலம் விற்றாலும் என் வழக்கறிஞர்தான் பேசுவார்.

ஐரிக்

ஹெல்லோய், ஏப்ரல் 10

ஐரிக்,

பெயரை நீயே வைத்துக்கொள். உன் கடிதத்தைக் குன்வோரிடம் வாசித்துக் காட்டினேன். "நாம இருக்கிற ஊர் பேரைச் சொல்ல அவர்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

பெயரில்லாத வெள்ளை உறையில் விற்கிறோம். நாங்களும் இணையத்தில்தான் விற்கிறோம். எந்த ஊர் உப்பு என்று கேட்பவர்களுக்கு, எந்தத் துறையில் படகு ஏறவேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். சிலர் வரவும் செய்கிறார்கள்.

உனக்கு வழி எழுதத் தேவையில்லை. வந்தால் குன்வோர் ஒரு கிண்ணம் மீன் சூப் கொடுப்பாள், அவள் மனசு அப்படி. என் வீட்டுக் கதவை மட்டும் தட்டாதே.

சுன்னிவா