ஆண் புழு இருந்த பாட்டில்

மச்சான்,

இன்று காலை கடை திறந்ததும் இழுப்பறையிலிருந்து உன் பாட்டிலை எடுத்தேன். விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிப் பாட்டில். ஸ்பிரிட் பாதிக்கு வற்றியிருந்தது, ஊற்றி நிரப்பினேன். அரிசி வாசனையை அமுக்கிக்கொண்டு அந்த நெடி கடை முழுக்க ஏறியது. நீ வந்துவிட்டுப் போனால் கடை இப்படித்தான் நாறும்.

கடலூரில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் பத்தாவதோடு மூட்டை தூக்கப் போய், பிறகு இந்த அரிசிக் கடை வைத்தேன். நீ சிதம்பரத்தில் விலங்கியல் வாத்தியாராகி, வயல் எலியின் குடலில் உருளைப்புழு தேடினாய். நெல் வாங்க ஊர் ஊராகப் போகிறவன் என்று என்னையும் இழுத்துவிட்டாய். கிட்டிப் பொறியில் விழுந்த எலியின் குடலை எடுத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, எந்த ஊர் எலி என்று சீட்டு எழுதி உள்ளேயே போட வேண்டும். முதல் எலிக்கு வாந்தி எடுத்தேன். அப்புறம் பழகிவிட்டது.

யாரும் இதுவரை பெயர் வைக்காத புழு ஒன்று உனக்குக் கிடைத்திருந்தது. ஆனால் எல்லாமே பெண்.

"பொம்பளப் புழுவ வச்சி ஒண்ணும் எழுத முடியாதுடா. ஆம்பளயோட வாலு வேணும். குடை மாதிரி விரிஞ்சிருக்கும். கம்பி எப்படிப் பிரியுதுன்னு பாத்தாதான் புதுசா பழசான்னு சொல்லலாம்" என்றாய். மூன்று அறுவடை காத்திருந்தாய்.

ஆண் கிடைத்தது. கெடுத்தது நான்.

அன்று கிள்ளையில் ஓர் எலி, காட்டுமன்னார்கோயிலில் ஓர் எலி. சீட்டைப் பென்சிலில் எழுதச் சொல்லியிருந்தாய். பென்சிலில் எழுதிய எதையும் நான் வியாபாரத்தில் நம்பியதில்லை; எவன் வேண்டுமானாலும் அழித்துத் திருத்தலாம். அதனால் பேனாவில் அழுத்தி எழுதினேன். நீ திறந்தபோது ஸ்பிரிட் நீலமாக இருந்தது. இரண்டு சீட்டும் வெள்ளை. அதில் ஒரு பாட்டிலில்தான் உன் ஆண் புழு.

"கிள்ளைன்னு போடேன் மச்சான். பாதிக்குப் பாதி சரியா இருக்கும்."

நீ நிமிரவில்லை. "குண்டு நெல்லப் பொன்னின்னு வித்ததே இல்லியா நீ?"

"வித்திருக்கேன்."

"அதனாலதான் உங்கிட்ட யோசனை கேக்கல."

சிரித்தாய், முகம்தான் செத்திருந்தது. எங்கே பிடித்த எலி என்று சொல்ல முடியாத புழுவைக் காட்டி, இது புது இனம் என்று அறிவிக்க உனக்கு மனம் வரவில்லை. புழுவை மட்டும் ஒரு சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, வேறு சீட்டில் பென்சிலால் 'இடம் தெரியாது' என்று எழுதி உள்ளே போட்டு மூடினாய். மறுநாள் ஒரு டப்பா பென்சில் கடைக்கு வந்தது.

அடுத்த அறுவடைக்கு நீ இல்லை. நெஞ்சு வலி என்றாய், அவ்வளவுதான். உன் அறையைக் காலி செய்தபோது தங்கச்சி, உன் வீட்டம்மா, இந்தப் பாட்டிலை எனக்குக் கொடுத்தனுப்பியது.

குடல் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. உன்னிடம் ஆராய்ச்சி செய்த பெண் வாங்கிப் பார்க்கிறாள். போன வாரம் போன் செய்தாள்.

"மாமா, கிள்ளை பாட்டில்ல ஆண் கெடச்சிடுச்சி! சார் வரஞ்சி வச்ச அதே வாலு."

அது நான் பென்சிலில் எழுதிய சீட்டு. ஓர் எழுத்தும் கலையவில்லையாம். மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ சாரோட பழைய பாட்டிலும் கிள்ளைதானே மாமா? அதயே இந்த இனத்தோட முதல் புழுன்னு போட்டுடலாம். கண்டுபிடிச்சது சார்தான்னு நிக்கும்."

நான் கெடுத்ததை நேராக்க, தானாக வந்த ஒரே வாய்ப்பு. 'சரி' என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது.

"வேணாம்மா. அந்தப் புழு காட்டுமன்னார்கோயில்லயும் இருக்கலாம் இல்ல? சார் தெரியாதுன்னு எழுதிட்டாரு. அப்படியே இருக்கட்டும். உன் புழுவ வச்சி எழுது."

மதியம் வந்து பாட்டிலை வாங்கிப் போவாள், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். நீ அனுப்பிய டப்பாவில் கடைசிப் பென்சில் என் சட்டைப் பையில், சுண்டு விரல் அளவுக்குத் தேய்ந்து கிடக்கிறது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் ஸ்பிரிட்டில் ஊறியும் உன் எழுத்து அப்படியே இருக்கிறது, மச்சான்.