மரங்களை நீக்கிப் பார்த்தால்

பிரிக்பீல்ட்ஸ்,
திங்கள் காலை

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அழகு எழுதுகிறேன். நீயும் மாதவியும் கனடாக் குளிருக்குப் பழகியிருப்பீர்கள். இங்கே விடாத மழை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதக்கூடிய விஷயமில்லை என்பதால் மின்னஞ்சல். படித்துவிட்டு யாருக்கும் அனுப்பாதே.

நீ அந்த வரைபட லிங்க்கை அனுப்பியபோது முதலில் நம்பாதவள் நான்தான். விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, இலைகளின் இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்புவதை மட்டும் பிரித்தெடுத்தால், மரமே இல்லாத மலை திரையில் தெரியும் என்றாய். நம் மூத்த அக்கா நாச்சாள் ஆச்சியின் வீட்டுக்குப் பின்னால் நீ சிவப்புக் கோடு போட்டிருந்தாய். பழைய அளவீட்டில் ஒழுங்காக இருந்த சரிவு, புதியதில் பிறை வடிவத்தில் ஒரு படி இறங்கியிருந்தது. மண் சரியத் தொடங்கிவிட்டது என்று எச்சரித்திருந்தாய். கணினிக் கோளாறாக இருக்கும் என்று பதில் போட்டேன். கல்லூரியில் பிள்ளைகளிடம் ஆதாரம் கேட்டே பழகிய புத்தி. பிறகு ஒரு சனிக்கிழமை குடையோடு அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஏறிப் பார்த்தேன். சிமெண்ட் கால்வாய் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கீழே இறங்கிக் கிடக்கிறது. நீ கோடு போட்ட அதே இடம்.

இறங்கி வந்து ஆச்சி வீட்டிலேயே பழனியப்பன் அத்தானிடம் சொன்னேன். "எந்த மலைய மொட்டையடிச்சுப் பார்த்தாலும் சொறிதான் தெரியும். ஒன் தம்பிய அங்க பனிய அளக்கச் சொல்லு" என்றார். இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது தெரியாது.

போன மாதம் வீட்டை விற்கப்போவதாக ஆச்சி சொன்னாள். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லையாம். அத்தான் உள்ளுக்குள் பயந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன், கேட்கவில்லை. ஆச்சி அங்கிருந்து வந்தால் போதும் என்றிருந்தது.

நேற்று அங்கே போனபோது வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். கௌஸ் என்று பெயர். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. அவர் மனைவி முத்து பீவி திரைச்சீலைக்கு ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன. நான் உன் அக்கா என்று தெரிந்ததும் கௌஸுக்கு ஒரே சந்தோஷம். "ஒங்க தம்பிக்கு இதுதான் வேலையாமே அக்கா? மலைப்பக்கமாச்சேன்னு யோசிச்சேன். இத பார்த்தப்புறம்தான் மனசு அடங்குச்சு லா" என்று கைப்பேசியை நீட்டினார்.

உன் லிங்க்தான். திறந்ததும் பச்சைப் பசேலென்று மலை. சிவப்புக் கோடு இல்லை. பழைய அளவீடு இல்லை. நீ எழுதியிருந்த எச்சரிக்கை இல்லை. கீழே உன் பெயர் மட்டும் இருந்தது. குடும்பம்தானே என்று யார் வேண்டுமானாலும் திருத்தும்படி விட்டிருக்கிறாய். டிவி ரிமோட்டுக்கே ஆள் தேடுகிற அத்தான் இதை மட்டும் பழுதில்லாமல் கற்றிருக்கிறார்.

தேநீர்த் தட்டோடு நின்ற அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற ஆச்சி என்னை மட்டுமே பார்த்தாள்.

கௌஸின் கைப்பேசியிலேயே மரங்களை நீக்கிக் காட்டினேன். "அயர்ன் பண்ணாத துணி மாதிரி இருக்கே" என்று சிரித்தார். நீ முன்பு அனுப்பிய பழைய, புதிய அளவீட்டுப் படங்கள் இரண்டையும் என் கைப்பேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இந்த மடிப்பு முன்பு இல்லை, இப்போது இருக்கிறது, பின்னால் போய்க் கால்வாயைப் பாருங்கள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. முத்து பீவிதான் பேசினாள். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "பின் ரூமு பிள்ளைங்களுக்குன்னு சொல்லியிருந்தோமே, அது இந்தப் பக்கமா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவர்கள் போன பிறகு அத்தான் கத்தவில்லை. "நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. இருக்கிற மரத்தத்தானே காட்டுனேன்" என்றார். ஆச்சி சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்ல நாங்க இத வித்துட்டுப் போயிருப்போம், அழகு. யாரோ பெத்த பிள்ளைங்களுக்காக எங்கள இங்கேயே ஒக்கார வச்சிட்டே." அந்தக் குழந்தைகளை நீ பார்க்கவே இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் சொன்னதும் உண்மைதானே.

என்னோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடுங்கள் என்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தாமானில் அத்தனை வீட்டிலும் பேசுவார்கள், அப்புறம் யார் வாங்குவார்கள் என்று அத்தான் மறுத்துவிட்டார். அவரை விட்டு ஆச்சி வரமாட்டாள். விடிந்ததிலிருந்து என் அழைப்பை எடுக்கவில்லை. உன் படங்களை நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வரட்டும். அதுவரை இந்த மழைக்கு யார் பொறுப்பு?

நீ முதலில் கோட்டையும் பழைய அளவீட்டையும் திரும்பப் போட்டு, வேறு யாரும் கை வைக்க முடியாமல் பூட்டு. உன் பெயரை நம்பித்தான் ஒரு குடும்பம் அங்கே ஜன்னல் அளந்தது.

உடனே ஆச்சியைக் கூப்பிடு. நீ கூப்பிட்டால் எடுப்பாள். மலை, லிங்க், விற்பனை எதையும் பேசாதே. எனக்கு நெஞ்சு அடைக்கிறது, தனியாகக் கிடக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறேன் என்று சொல். பொய்தான், சொல். என்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் வந்துவிடுவாள். ஹைவேயில் கார் ஓட்ட அவளுக்குப் பயம். அத்தான்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வந்த பிறகு இருவரும் என்னைத் திட்டட்டும். மழைக்காலம் முடியும்வரை இங்கேயே இருந்து திட்டட்டும். மெத்தை விரித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது அங்கே என்ன நேரமானாலும் சரி, கூப்பிட்டுவிடப்பா.

உன் சின்ன ஆச்சி,
அழகு