கடலில் எரிந்த படகு

ஞாயிறு இரவு, ஒரகடம் விடுதி

தூக்கம் வரவில்லை. நாளை காலை ஷிப்ட்.

சிறந்த ஊழியர் பரிசாகக் கம்பெனியில் கூப்பன் கொடுத்தார்கள். கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு நாள், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். இருவர் போகலாம். கூட வர யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. அறைத்தோழி மேரி வருகிறாள் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாகவே போனேன்.

நேற்று இருட்டும் நேரம், கடலின் விளிம்பில் சிவப்பாக ஏதோ எரிந்தது. கரையில் காவலுக்கு நின்றவரிடம் ஓடினேன்.

"அண்ணே, படகு தீப்பிடிச்சு எரியுது!"

அவர் சிரித்தார். "இன்னாமா, நிலா வர்றத பாத்ததே இல்லியா?"

இல்லை. இந்த இருபத்து நான்கு வயதுவரை நான் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நிலாதான். இது தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு வந்தது. என் காலடிவரை கடல் செம்பாக மின்னியது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், தனியாக வந்ததையும் சேர்த்து.

திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அம்புட்டுப் பெருசாவாடி இருக்கு?" என்றாள் அம்மா.

திட்டு, ஊருக்குப் போகும்போது இருக்கும்.