வரவில்லை என்று சொன்ன கடுதாசி

அண்ணே,

இன்று மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்றவரின் முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கோயில் மண்டபத்தில் ரத்ததானமாம்.

போன வருஷம் நீயும் அங்கிருந்து அப்படித்தான் வந்தாய். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னாய். உனக்குப் பெண்கள்மேல் மனம் போவதில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஃபாரத்துல ஆம்பளையோட பழக்கம் உண்டான்னு கேட்டிருந்துச்சு பாப்பா. இல்லன்னு டிக் போட்டுட்டேன். ரத்தத்த எப்படியும் அவங்களே பாப்பாங்க. எச்ஐவி இருந்தா கடுதாசி வரும்."

கிளினிக்குக்கே போகலாமே என்றேன்.

"அங்க உள்ள நர்ஸம்மா நம்ம அம்மாவோட கூட்டாளி லா. கோயில் மைக்குல சொன்ன மாதிரிதான்!"

சிங்கப்பூர் வேலைக்குப் போய்வர நீ அறையெடுத்திருந்த கெலாங் பாத்தாவுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் கடுதாசி வந்தது. பள்ளியை விட்டு வீட்டோடு இருந்ததால் தபால் என் கையில்தான் விழும். உறைமேல் ரகசியம் என்று மலாயில் சிவப்பாக அச்சிட்டிருந்தது. பெண் பார்க்க வரமாட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து உனக்கு வருகிற எல்லாவற்றையும் அப்பா பிரித்துவிடுவார். அரிசி டின்னுக்கு அடியில் செருகினேன். சாயங்காலம் நீ அழைத்தபோது அப்பா எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் வந்துச்சா பாப்பா?"

"வரல."

"அப்பாடா! அப்ப நான் க்ளீன் லா."

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் உன் குரலில் அத்தனை சந்தோஷம். அப்புறம், சொன்னால் என்னோடு பேசவே மாட்டாய் என்று பயந்தேன். இப்படியே எட்டு மாதம். அப்புறம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"எச்ஐவி முத்திப்போச்சு. முன்னாடியே வந்திருந்தா மருந்து இருக்கு, எல்லாரையும் போல இருந்திருப்பாரு," என்று டாக்டர் சொன்னபோது நீ நினைவிழந்து கிடந்தாய். ஊருக்கு அப்பா டீபி என்றார். உன்னோடு ஒரே அறையில் வாழ்ந்தவரை, குடும்பம் இல்லையென்று உள்ளே விடவில்லை. சாவு வீட்டிலும் வெளிக்கதவோரம்தான் நின்றார்.

"சிங்கப்பூருல கூட வேல செஞ்சவரா தம்பி?" என்று அத்தை கேட்டார்.

"ஆமா ஆண்ட்டி."

அவரிடமும் க்ளீன் என்றுதான் சொல்லியிருப்பாய். உன் அந்த 'அப்பாடா' என் காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மன்னிப்புக் கேட்க நீ இல்லை.

சாமான் வாங்காமலே கடைக்கு வெளியே வந்து உன்னோடு வாழ்ந்தவர் சாவு வீட்டில் கொடுத்துப்போன எண்ணை அழுத்தினேன். "நான் அண்ணனோட தங்கச்சி. அது வெறும் டீபி இல்ல, எச்ஐவி. கடுதாசி வந்துச்சு, நாந்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க போய் டெஸ்ட் எடுத்துக்குங்க," என்றேன்.