சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்

மார்ச் 2, ஞாயிறு

அதிசயம்! இன்று அவரும் கடற்கரைக்கு வந்தார். "ஊர்க் குப்பையை அள்ள என் பொண்டாட்டிதான் கிடைச்சாளா?" என்று மாதக்கணக்காகக் கிண்டலடித்த அதே மனிதர். ஞாயிறுதோறும் கரையைச் சுத்தம் செய்கிற நாங்கள் எல்லோரும் பாறைப் பக்கம் சிக்கிக் கிடந்த வலைத் துண்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கரையோர ஹோட்டல் பக்கம் தனியாகப் போய், தோளில் ஒரு மூட்டையோடு வந்தார்.

"உங்க மொத்தக் கூட்டமும் அள்ளினதை நான் ஒத்தை ஆளா அள்ளிட்டேன், பாத்தியா?"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

தரம் பிரிக்கலாம் என்று அவருடைய மூட்டையைக் கொல்லையில் கொட்டினேன். பாட்டில், செருப்பு, கயிறு — நடுவே குச்சிகள். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. என் தையல் கடைத் துணி! ஆமை முட்டையிட்ட இடங்களுக்கு அடையாளமாக நானும் எங்கள் கூட்டத்து நர்ஸம்மாவும் நட்டுவைத்தவை. அத்தனையையும் பிடுங்கிவிட்டார்.

"குச்சியும் கந்தலும் குப்பை இல்லாம வேற என்ன? ஒண்ணு விடாம எடுங்கன்னு நீதானே சொன்னே?"

சொன்னேன்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் குச்சிகளைக் காட்டுவோம். புருஷன் வந்த சந்தோஷத்தில் அதை மறந்து தொலைத்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காற்று மணலை வழித்து வைத்திருக்கிறது. எந்த இடம் என்று தெரியவில்லை. குஞ்சு பொரிக்கும் சமயம் வேறு.

மார்ச் 5, புதன்

சனிக்கிழமை ஹோட்டலில் ஏதோ விழாவாம். நாற்காலி போட மணலைச் சமப்படுத்த வேண்டுமாம். டிராக்டர் வருகிறது, பின்னால் இரும்புப் பலகையை இழுத்துக்கொண்டு. அது போனால் முட்டை எல்லாம் கூழ்தான்.

மேனேஜரிடம் போனேன். "குச்சி இருக்கிற இடத்தை விட்டுடறோம்னு அன்னைக்கே சொன்னேனே. எங்கம்மா குச்சி?" என்று சிரிக்கிறான். பிறகு, பெரிய மனது பண்ணி, "சரி, எங்கெங்கேன்னு காட்டுங்க. சுத்திப் போகச் சொல்றேன்."

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 6, வியாழன்

நர்ஸம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஏதாவது ரெண்டு இடத்தைக் காட்டிடலாம்க்கா. அதாவது மிஞ்சட்டும்."

பாவம், அவளும் எத்தனை காலை அந்த மணலில் நடந்திருக்கிறாள். ஆனால் தெரியாத இடத்தை எப்படிக் காட்டுவது? காட்டினால், மீதியை எல்லாம் நசுக்கிக்கொள் என்று நானே சொன்னதாகிவிடாதா? முடியாது. முழுக் கரையும் வேண்டும். ஒரு பிடி மண்ணைக்கூட விட்டுத்தர மாட்டேன்.

அவரிடம் பேசி மூன்று நாளாகிறது.

மார்ச் 7, வெள்ளி

நாளை டிராக்டருக்கு முன்னால் நிற்கப்போகிறேன். யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மார்ச் 8, சனி

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் வந்தார்கள். கை கோத்து நின்றோம். டிராக்டர் உறுமிக்கொண்டே கிட்ட வந்துவிட்டது.

அப்போது பார்த்தால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு அவர் வருகிறார்! டிராக்டருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் சிவப்புத் துணி.

"குச்சியைப் பிடுங்கினது நான். இனிமே நான்தான் குச்சி. எங்கே, பிடுங்குங்க பாக்கலாம்!"

மேனேஜர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று குதித்தான். "கூப்பிடுய்யா, அவங்களுக்கும் நாற்காலி எடுத்துட்டு வரேன்" என்றேன் நான். டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "ஆள் மேல ஏத்தற வேலைக்கு நான் வரலை சார்."

விழாவை உள்ளே, புல்வெளியில் நடத்திக்கொண்டார்கள். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நாற்காலியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

விடியற்காலையில் நர்ஸம்மாவின் போன். ஓடினோம்.

மணல் அசைந்தது. ஒரு மூக்கு. அப்புறம் மடமடவென்று... நானும் அவளும் இங்கேதான் இருக்கும் என்று மனதுக்குள் நினைத்திருந்த எந்த இடத்திலும் இல்லை. டிராக்டர் நின்ற இடத்துக்கும் அவர் நாற்காலி போட்ட இடத்துக்கும் நடுவிலிருந்து வந்தன. நர்ஸம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டை வீசிக் காக்கைகளை விரட்டிக்கொண்டே, குஞ்சுகள் போகும் வழியில் கிடந்த பாட்டில் மூடிகளைப் பொறுக்கினார். அலைக்குப் பக்கத்தில் ஒரு குச்சி கிடந்தது. குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏய், இது குப்பைதானே?"