கண்ணாடி இரட்டையர் பிரிந்தார்கள்

அடையாறு,
சனிக்கிழமை

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நலம்.

என் வேலை பிழைத்துவிட்டது. நான் பிரிக்க வேண்டிய இரண்டு ஆல்கஹால்களும் இடக்கை, வலக்கை மாதிரி. ஒன்றுதான் மருந்துக்கு ஆகும். குழாயில் அடைத்த பொடி அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் பிரிந்துவிடும். ஆனால் மாதக்கணக்காக இரண்டும் சேர்ந்தே வெளியே வந்தன. இந்த வாரமும் பிரியாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக மேடம் சொல்லியிருந்தார்.

நேற்றுதான் எனக்கு உறைத்தது. அவற்றை ஓடவிட நான் ஊற்றும் திரவத்திலும் வேறொரு ஆல்கஹால் இருக்கிறதே! பொடியில் ஒட்டும் இடங்களையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் குறைத்தேன். கணினித் திரையில் ஓடும் கோட்டில், ஆளுக்கொன்றாக இரண்டு முகடுகள் தனித்தனியாக எழுந்தன.

"இன்னா ஹானி, ரெண்டும் தனியா வந்துகீது, நீ இன்னாத்துக்கு அழுதுகினு கீற?" என்றான் கூட வேலை செய்யும் பட்டினப்பாக்கத்து ஜான்சன்.

இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். சந்தோஷம்தான், வாப்பா.

கொஞ்சம் மாசிக் கருவாடு அனுப்புங்கள். பதிலை நீளமாக எழுதுங்கள். ஞாயிறன்று விடுதியில் என்னைத் தவிர யாரும் இருப்பதில்லை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
உம்மே ஹானி